இரண்டு முறை சொன்ன அதிபர்

அத்தியாயம் 6

"அமெரிக்க அதிபருக்கும் மண்ணூர்பேட்டைக்கும் இன்னா மேடம் சம்பந்தம்?"

பாடி மேம்பாலத்தில் ஒரு கண்டெய்னர் லாரிக்கும் மாநகரப் பேருந்துக்கும் நடுவில் ஸ்கூட்டரை நுழைத்தபடி கேட்டான் ஆசிக்.

"முதல்ல ரோட்டைப் பாருப்பா" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணம்.

"ரோட்டைப் பாத்தா பயமா கீது மேடம். அதான் உங்களாண்ட பேச்சு குடுத்துகினு வரேன்."

பஞ்சவர்ணத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆவடியில் ஒரு படைத்துறை ஆலையின் விஜிலென்ஸ் பிரிவில் இருபத்தாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். அடுத்தவர் எழுதிக் கொடுத்த விளக்கக் கடிதங்களைப் படித்துப் படித்தே பொய் எந்த வரியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும் என்று தெரிந்துகொண்டவர். விருப்ப ஓய்வு வாங்கியதும் பாடியில் ஒரு டயர் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். முகமது ஆசிக் அவருடைய ஒரே உதவியாளன். முப்பத்தொரு வயது, ஒரு மனைவி, ஒரு ஸ்கூட்டர். வாயை மூடினால் மூச்சு முட்டும் ரகம்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணி. மாலை நாலு மணிக்குள் அவர்கள் ஒரு பெயரைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

தெளிவொலி டிரான்ஸ்கிரிப்ட்ஸ், மண்ணூர்பேட்டையில் அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய ஒரு பழைய பம்ப் கம்பெனிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. அங்கே அறுபது பேர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அமெரிக்கர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு டைப் அடித்தார்கள். முதலாளி ரகுநாதன் இருவரையும் தன் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். அவர் சட்டை இரண்டு அக்குளிலும் நனைந்திருந்தது. ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"சுருக்கமா சொல்றேன் மேடம். அங்க ஒரு பெரிய பத்திரிகை எங்க கஸ்டமர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதிபர் ஆறு நிருபர்களைக் கூப்பிட்டு டீ குடுத்துப் பேசியிருக்கார். எழுதக் கூடாத பேச்சு. 'உங்க காதுக்கு மட்டும்'னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிச்சிருக்கார். அதிபருங்க அப்பப்ப இப்படிப் பேசுவாங்க, நிருபருங்களும் வாயைத் திறக்க மாட்டாங்க. அங்க அது வழக்கம்."

"சரி."

"அவங்க நிருபர் பதிவு பண்ணின ஆடியோ எங்களுக்கு வந்தது. புதன் காலை ஆறு மணி ஷிஃப்ட்ல டைப் பண்ணி அனுப்பிட்டோம். அன்னிக்கு ராத்திரியே அங்க கரும்பு விவசாயிகள் பேரவைன்னு ஒரு சங்கம் அறிக்கை விட்டுருச்சு. தேர்தல்ல அதிபருக்காக ஊர் ஊரா வேலை செஞ்ச சங்கம். அந்த மூடின ரூம்ல அவர் சொன்னது வார்த்தை மாறாம அறிக்கையில இருக்கு."

"என்ன சொன்னார்?"

ரகுநாதன் ஒரு தாளைத் தள்ளினார். பஞ்சவர்ணம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமிழில் மாற்றி வாசித்தார். "'இறக்குமதிச் சர்க்கரைக்கு வரியைக் குறைக்கப் போகிறேன். கரும்புக்காரர்கள் ஒரு மாதம் கத்துவார்கள். அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை.'"

"அடப்பாவி" என்றான் ஆசிக்.

"அதிபர் கொதிச்சுப் போய் அந்தப் பத்திரிகை ஆளுங்களைத் தன் விமானத்துல ஏத்த மாட்டேன்னுட்டார். பத்திரிகை 'எங்க நிருபர் சொல்லல, டைப் பண்ண இடத்துல கசிஞ்சிருக்கு'ன்னு எங்க மேல கை காட்டுது. நாலு மணிக்கு அங்க காலை ஆறரை. அவங்க வக்கீலுக்கு நான் பேர் குடுக்கணும். குடுத்தா அந்த ஆள் மேல இங்க போலீஸ் கேஸ். குடுக்கலைன்னா கான்ட்ராக்ட் போயிடும், அறுபது பேரும் வீட்டுக்குப் போகணும்."

"கரும்பு சங்கத்தை அதிபர் கவுத்தாரு" என்று ஆசிக் விரல் மடக்கினான். "பத்திரிகை தன்னைக் கவுத்துச்சுன்றாரு. பத்திரிகை அம்பத்தூர் கவுத்துச்சுன்னுது. மேலேர்ந்து உருண்டுகினே வருது சார். இப்ப யார் தலையில வந்து நிக்குது?"

ரகுநாதன் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இருந்த சிறிய கூட்ட அறையைக் காட்டினார். அங்கே மேஜை முன்னால் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"ரோஷினி. வந்த ஆடியோவைத் துண்டு துண்டா வெட்டித்தான் டைப் பண்ணுவோம். சர்க்கரைப் பேச்சு முழுசும் அஞ்சாம் துண்டுல வருது. அதை டைப் பண்ணது அவ லாகின். கம்ப்யூட்டர் லாக் அப்படித்தான் சொல்லுது. ஏழு வருஷமா இருக்கா, நல்ல பொண்ணு. அதான் நீங்க ஒருதரம் பார்த்துச் சொல்லிட்டீங்கன்னா என் மனசுக்கும் நிம்மதி."

ஆகக் குற்றவாளியை அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். துப்பறிவாளரைக் கூப்பிட்டது மனசாட்சிக்கு முத்திரை குத்த. பஞ்சவர்ணத்துக்குக் கோபம் வந்தது. ஆலையில் அவர் பார்த்த எல்லா மேலதிகாரிகளும் இப்படித்தான் நிம்மதி கேட்பார்கள்.

கூட்ட அறையில் ரோஷினி நிமிர்ந்து பார்த்தாள். அழுது முடித்த முகம்.

"நீ எடுத்தியாம்மா?"

"இல்ல மேடம்."

"உன் லாகின்தானே?"

"என் லாகின்தான். நான் எடுக்கல. இதுக்கு மேல நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

"போலீஸ் வரும். அப்புறம் இந்தத் தொழில்ல எவனும் உன்னைச் சேத்துக்க மாட்டான்."

"தெரியும் மேடம்."

கேஸுக்குப் பயந்தவள் யார் மேலாவது கை காட்டுவாள். இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் பஞ்சவர்ணம் சொன்னார், "யாரையோ காப்பாத்துறா."

"லவ்வர் யாருனா?"

"உனக்கு எப்பவும் அதே நினைப்பு. அறிக்கையைக் குடு."

நின்றபடியே மறுபடி வாசித்தார். மூன்றாவது பத்தியில் விரல் நின்றது. கரும்புக்காரர்கள் அங்கே ஆத்திரம் தீரக் கொட்டியிருந்தார்கள். 'போக வேறு இடம் இல்லை என்று எங்களைப் பற்றி அதிபர் ஒரு முறை சொல்லவில்லை. இரண்டு முறை சொன்னார். எங்களிடம் அதன் எழுத்து வடிவம் இருக்கிறது.'

"ரகுநாதன் சார், நிஜமாவே ரெண்டு தடவை சொன்னாரா?"

"அது கோபத்துல எழுதினது மேடம்."

"எழுத்து வடிவம் இருக்குன்றாங்களே. ஆடியோவைப் போடுங்க."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். அதிபர் அந்த வாக்கியத்தை ஒரே ஒரு முறைதான் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நிருபர்களும் சிரித்தார்கள். பத்திரிகைக்கு அனுப்பப்பட்ட பிரதியிலும் அது ஒரு முறைதான் இருந்தது.

"அப்ப ரெண்டாவது தடவை யார் சொன்னது?" என்றான் ஆசிக்.

பதில், மெய்ப்பு பார்க்கும் கஸ்தூரியிடம் இருந்தது. அறுபது பேர் அடிப்பதைச் சரிபார்த்துச் சரிபார்த்துக் கண்ணுக்குக் கீழே கருவளையம் போட்ட பெண்மணி. அறிக்கையில் 'இரண்டு முறை' என்ற இடத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இது என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி போன காப்பி மேடம்."

"எப்படிச் சொல்றீங்க?"

"ஆடியோவை நாங்க அஞ்சு அஞ்சு நிமிஷமா வெட்டி, சீட் வரிசைப்படி ஆளுக்கு ஒண்ணு குடுப்போம். யாரும் முழுசாக் கேக்கக் கூடாதுன்னு கஸ்டமர் ரூல். ஆனா நறுக்குன்னு வெட்டினா நடுவுல வார்த்தை அறுந்துரும். அதனால ஒரு துண்டோட கடைசி பத்து செகண்ட், அடுத்த துண்டோட ஆரம்பத்துலயும் இருக்கும். அந்தப் பத்து செகண்டை ரெண்டு பேரும் அடிப்பாங்க. சேக்கும்போது நான் ஒண்ணை எடுத்துருவேன்."

"அந்த வாக்கியம்?"

"நாலாம் துண்டு முடியற இடம். அஞ்சாம் துண்டு ஆரம்பிக்கற இடம்."

ஆசிக் விசில் அடிக்க வாயைக் குவித்து, பஞ்சவர்ணத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "அங்க ஒரு நாடே 'ரெண்டு வாட்டி சொன்னான்'னு காறித் துப்பிகினு கீது. கடைசில பாத்தா அது நம்ம மண்ணூர்பேட்டை வெட்டு."

ரகுநாதன் நாற்காலியில் சரிந்தார். கசிவு இங்கேதான் என்று உறுதியாகிவிட்டது. அது நல்ல செய்தி இல்லை. "நாலாம் துண்டு நிவேதிதா. ரோஷினிக்குப் பக்கத்து சீட். அப்ப ரெண்டு பேரும் கூட்டுக் களவாணியா மேடம்?"

"அவசரப்படாதீங்க. ஒவ்வொருத்தரும் எத்தனை மணிக்கு ஆடியோவை ஓட்ட ஆரம்பிச்சாங்கன்னு லாக்ல இருக்குமா?"

கஸ்தூரி திரையைப் பார்த்து வாசித்தார். எட்டுத் துண்டில் ஏழு துண்டுகள் ஆறு ஐந்துக்கும் ஆறு ஏழுக்கும் இடையில் ஆரம்பித்திருந்தன. ரோஷினி ஆறு இரண்டுக்கு லாகின் செய்திருந்தாள். ஆனால் அவளுடைய ஐந்தாம் துண்டு ஆரம்பித்தது ஆறு முப்பத்துமூன்றுக்கு.

"நாலாம் துண்டு எத்தனை மணிக்கு முடிஞ்சுது?"

"ஆறு முப்பத்தொண்ணு."

"அதுக்கப்புறம் நிவேதிதா கம்ப்யூட்டர்ல என்ன நடந்தது?"

கஸ்தூரி கீழே தள்ளிப் பார்த்தார். "ஏழு மணி வரைக்கும் ஒண்ணுமே இல்ல மேடம். சும்மா இருந்திருக்கு."

"ஒண்ணு முடிஞ்சப்புறம்தான் இன்னொண்ணு ஆரம்பிச்சிருக்கு. இது முடங்கினப்ப அது ஓடியிருக்கு" என்றார் பஞ்சவர்ணம். "ரெண்டு சீட். ஒரு ஜோடிக் கை."

கீழே வாசலில் செக்யூரிட்டி முத்தம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். பேச்சை ஆசிக் எடுத்தான். அவர்கள் பாஷை ஒரே பாஷை.

"இன்னாக்கா, புதங்கெழம அந்த ரோஷினிப் பொண்ணு எத்தினி மணிக்கு வந்துச்சு?"

"ஏழடிச்சு பத்து நிமிசம் ஆயிருக்கும். ஓடியாந்துச்சு. ஏன்?"

"ஆறு மணிக்கே கம்ப்யூட்டர் ஆன் ஆயிருக்கேக்கா."

முத்தம்மாள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீ ஊருக்குப் புச்சா நைனா? திர்நின்றவூர்லேர்ந்து டிரெய்ன்ல வர்ற பொண்ணுங்கோ. டிரெய்ன் லேட்டுன்னா அரை நாள் லீவு போட்டுருவானுங்கோ. அதுக்காண்டி உள்ள கீறவ ஒருத்தி அவ பேருல போட்டு உடுவா. இவ ஒரு நாளு, அவ ஒரு நாளு. மூணு மாடிக்கும் தெரியும், மொதலாளிக்குத்தான் தெரியாது."

பஞ்சவர்ணம் படியேறினார். இந்த முறை ரோஷினியின் எதிரே உட்காராமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"புதன்கிழமை உன் துண்டை நிவேதிதா அடிச்சா. சரியா?"

ரோஷினியின் கை மேஜை விளிம்பை இறுகப் பிடித்தது.

"அவளைச் சொல்லிடாதீங்க மேடம். பாஸ்வேர்ட் குடுத்தது தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் அன்னிக்கே சீட்டைக் கிழிச்சுருவாங்க. எனக்கு உதவி செய்யப் போய் அவ ஏன் மாட்டணும்? அவ எடுக்கல. யாரோ சிஸ்டத்துல பூந்து எடுத்திருக்காங்க."

"அன்னிக்கு டிரெய்ன் லேட்டா?"

"இல்ல. எங்க தெருவுக்குப் புதன்கிழமை காலையிலதான் தண்ணி லாரி வரும். ரெண்டு வாரமா பிடிக்க முடியல."

"நீயா அவளைக் கேட்ட?"

"அவதான் சொன்னா. செவ்வாய்க்கிழமை கிளம்பும்போது. 'நாளைக்கு நீ தண்ணி பிடிச்சிட்டு மெதுவா வாடி, உன் துண்டை நான் பாத்துக்கறேன்'னு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. ஒருவர் தானாகக் கணக்குப் போடும்போது குறுக்கே பேசக் கூடாது.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது அவளா வந்து சொல்லியிருக்காளா?"

ரோஷினி மெல்லத் தலையை ஆட்டினாள். இல்லை.

ஷிஃப்ட் முடிந்து போயிருந்த நிவேதிதாவைத் திரும்ப வரச் சொல்ல, மூன்று இருபதுக்கு அவள் வந்தாள். விருதுநகர்ப் பெண். மண்ணூர்பேட்டையில் மகளிர் விடுதியில் தங்கியிருந்தாள். அறைக்குள் ரோஷினியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். ஆசிக் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காரும்மா" என்றார் பஞ்சவர்ணம். "கரும்புப் பேரவைக்காரங்க என்ன குடுக்கிறதாச் சொன்னாங்க?"

நிவேதிதா மறுப்பாள் என்றுதான் ஆசிக் எதிர்பார்த்தான். அதற்காக ஒரு நக்கலும் தயார் செய்து வைத்திருந்தான். அவள் மறுக்கவில்லை.

"வேலை" என்றாள். "அவங்க ஆராய்ச்சிக் குழுவுல. ஒருத்தன் ஆன்லைன்ல என்னைத் தேடிப் பிடிச்சு நாலு மாசமாப் பேசினான். அதிபர் நிருபருங்களைப் பாக்கப் போறார், உங்களுக்குத்தான் ஆடியோ வரும், கிடைக்கிறதைக் குடுன்னான். அடுத்தவன் பேசறதையே எத்தனை வருஷம் மேடம் அடிச்சுக்கிட்டு இருக்கிறது? நானும் ஒரு நாள் சொந்தமா நாலு வரி எழுதணும்னு நினைச்சேன்."

"போனை வாசல்லயே வாங்கி வெச்சுருவாங்களே?"

"பழைய போனைக் குடுத்தேன். இன்னொண்ணுல திரையைப் படம் எடுத்தேன்."

"ஒரு துண்டு பத்தலையா?"

"எதுல என்ன வரும்னு தெரியாது. அஞ்சு நிமிஷத்துக்குப் பதிலா பத்து நிமிஷம் கிடைச்சா நல்லதுன்னு தோணிச்சு."

"வேலை கிடைச்சுதா?"

நிவேதிதா பையிலிருந்து அந்த இன்னொரு போனை எடுத்துத் திறந்து நீட்டினாள். புதன்கிழமை முதல் அவள் அனுப்பிய பதினேழு செய்திகள் வரிசையாக இருந்தன. முதல் செய்திக்கு மட்டும் ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்திருந்தது. ஆசிக் தன் நக்கலை விழுங்கிக்கொண்டான்.

பஞ்சவர்ணம் ரோஷினியிடம் திரும்பினார். "இதோ பாரும்மா. இவ இங்க சொன்னதை வெளியில இல்லைன்னு சொல்லிட்டாப் போச்சு. படத்தையும் அழிச்சுருவா. வக்கீல் லாக்கைத்தான் பாப்பார், லாக்ல இருக்கிறது உன் பேரு. புதன்கிழமை ஏழு மணி வரைக்கும் நீ இங்க இல்ல, உன் பாஸ்வேர்ட் இவகிட்ட இருந்ததுன்னு நீ எழுதிக் குடுத்தாத்தான் கேஸ் உன்னை விட்டுப் போகும். எழுதினா உன் வேலையும் போகும். அதையும் நான் மறைக்கல."

"எழுதாதடி" என்றாள் நிவேதிதா. இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "அடுத்த மாசம் எனக்கு நிச்சயதார்த்தம். போலீஸ் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா எங்கப்பா என்ன ஆவாருன்னு உனக்குத் தெரியும். உனக்கு எல்லாம் தெரியும்."

ரோஷினிக்குத் தெரியும். அந்த நிச்சயதார்த்தத்துக்குப் போக அவள் விருதுநகருக்கு டிக்கெட்டே எடுத்து வைத்திருந்தாள். இரண்டு நாளாக அவள் கட்டிக் காத்தது இவளைத்தான். முதலாளி கத்தினார், கூட வேலை செய்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், புருஷன் கூட 'நிஜமாவே நீ எடுக்கலையே?' என்று கேட்டுவிட்டான். இந்த இரண்டு நாளும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நிவேதிதா அவளுக்கு டிஃபன் பாக்ஸைத் திறந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள்.

"உனக்கு இந்தப் பக்கம் அஞ்சாம் துண்டு நான், அந்தப் பக்க சீட்டுல மூணாம் துண்டு கௌதம்" என்றாள் ரோஷினி. "அவனும் லேட்டா வர்றவன்தான். அவன் பாஸ்வேர்டும் உனக்குத் தெரியும். ஏன்டி என்னுது?"

நிவேதிதா அவளைப் பார்க்கவில்லை.

"அவன் மாட்டினா என்னைச் சொல்லிடுவான். நீ சொல்ல மாட்டே."

ஆசிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ரோஷினி அழவில்லை. அழுகையைவிட மோசமாக, ஏதோ கணக்கு சரியாக வந்துவிட்ட மாதிரி மெல்லத் தலையை ஆட்டினாள்.

"தாள் குடுங்க மேடம். தமிழ்ல எழுதலாமா?"

"தாராளமா."

எழுதினாள். நிறுத்தாமல், நிமிராமல் எழுதினாள். நிவேதிதா இரண்டு முறை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரகுநாதன் கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். மூன்று ஐம்பதுக்கு ரோஷினி பேனாவை வைத்துவிட்டுத் தாளைப் பஞ்சவர்ணத்திடம் நீட்டினாள். நீட்டிய கையை உடனே திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"ஒரு இடத்துல தப்பா எழுதிட்டேன் மேடம். திருத்தலாமா?"

"திருத்தலாம். அடிச்ச இடத்துல சின்னதா கையெழுத்துப் போடணும். இல்லைன்னா செல்லாது."

ரோஷினி முதல் வரிக்குப் போனாள். 'என் தோழி நிவேதிதாவிடம்' என்று இருந்த இடத்தில் முதல் இரண்டு வார்த்தைகளையும் ஒரே கோடாக அடித்தாள். ஓரத்தில் கையெழுத்துப் போட்டாள்.